முகதாட்சண்யம் இல்லாத இடம்

(பால் நியூமன் நூற்றாண்டுத் திரையிடல் தொடரில் ஆற்றிய உரை)



பால் நியூமனின் நடிப்பைப் பற்றி இந்த மேடையில் எனக்கு முன்னால் வந்தவர்கள் விரிவாகவே பேசிவிட்டார்கள். ‘தி ஹஸ்லர்’, ‘கூல் ஹேண்ட் லூக்’, ‘புட்ச் காசிடி அண்ட் தி சன்டான்ஸ் கிட்’ ஆகிய படங்களை இங்கேயே பார்த்திருக்கிறீர்கள். அந்த நீலக் கண்களைப் பற்றியும் பேசி முடித்தாயிற்று. நான் பேச வந்திருப்பது பி. எல். நியூமன் என்ற கார் பந்தய வீரரைப் பற்றி. ஆள் ஒருவர்தான். பால் லியனார்ட் நியூமன் என்பது முழுப்பெயர். பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும்போது முதலெழுத்துகளோடு நிறுத்திக்கொள்வார். பட்டியலைப் படிக்கிறவர் பெயரைப் பார்த்துவிட்டு இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க வேண்டாம் என்பது அவர் விருப்பம்.

2008 செப்டம்பர் 26 அன்று, கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட்டில் தம் வீட்டில் அவர் இறந்தார். நுரையீரல் புற்றுநோய். வயது 83. மறுநாள் வந்த இரங்கல் கட்டுரைகள் பலவற்றில் பந்தயம் ஒரு பத்தியோடு முடிந்துபோயிற்று. வசதி படைத்த நட்சத்திரம் ஒருவருக்கு வேகமான கார்மேல் ஆசை வந்தது, ஓட்டினார் என்கிற தொனி அதில் இருந்தது. அந்தத் தொனியை நான் ஏற்கவில்லை. நாற்பத்தேழாம் வயதில் முதல் பந்தயம் ஓட்டியவர், அதற்குப் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள் அதை விடவில்லை. அமெரிக்காவின் அமெச்சூர் பந்தயத்தில் தேசிய சாம்பியன் பட்டத்தை நான்கு முறை வென்றார். அவருடைய வாழ்க்கையில் முகம் செல்லாத ஒரே இடம் அதுதான். அங்கே அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதில்தான் எனக்கு அவர் முழுதாகத் தெரிகிறார்.

அமெச்சூர் பந்தயம் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் ஃபார்முலா ஒன் இல்லை அது. அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா என்ற அமைப்பு 1944இல் தொடங்கியது. பல் மருத்துவர், வக்கீல், ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், பள்ளி ஆசிரியர் என்று பல தொழில் செய்கிறவர்கள் அதில் உறுப்பினர்கள். வாரம் முழுக்கத் தங்கள் வேலையைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிப் போவார்கள். நினைத்தவுடன் பந்தயத்தில் இறங்க முடியாது. ஓட்டுநர் பள்ளியில் தேற வேண்டும். புதியவர்களுக்கான அனுமதியோடு சில பந்தயங்கள் ஓட்டிக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் லைசென்ஸ். டயருக்கும் எஞ்சினுக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் சொந்தப் பணம். ஜெயித்தால் கையில் கிடைப்பது ஒரு கோப்பை. பிராந்தியங்களில் புள்ளி சேர்த்துத் தகுதி பெற்றவர்கள் இலையுதிர் காலத்தில் ஓரிடத்தில் கூடுவார்கள். நியூமன் காலத்தில் அந்த இடம் ஜார்ஜியா மாநிலத்து ரோட் அட்லான்டா டிராக். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரே ஒரு பந்தயம். அதில் முதலில் வருகிறவர்தான் அந்த ஆண்டின் தேசிய சாம்பியன்.

இதில் இன்னொரு கூட்டமும் உண்டு. டிராக்கின் ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு நிற்கிறார்களே, அந்த மார்ஷல்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, முந்தாதே. நீலம் என்றால் பின்னால் உன்னைவிட வேகமான கார் வருகிறது. சிவப்பு என்றால் பந்தயமே நின்றுவிட்டது. வெயிலிலும் மழையிலும் இந்தக் கொடிகளைப் பிடித்து நிற்கிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். கார் கவிழ்ந்தால் தீயணைப்புக் குப்பியோடு முதலில் ஓடுகிறவர்களும் அவர்கள்தான். சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் கொடி பிடித்து நின்ற பழக்கம் எனக்கு உண்டு. ஹெல்மெட் மாட்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டால் உள்ளே இருப்பது யார் என்று வளைவில் நிற்கிறவனுக்குத் தெரியாது. ஆனால் எங்கே பிரேக் பிடிக்கிறான், எங்கே தயங்குகிறான், மஞ்சள் கொடியைப் பார்த்ததும் காலை எடுக்கிறானா இல்லையா என்பதெல்லாம் தெரிந்துவிடும். சில சுற்றுகளில் ஒருவருடைய குணமே தெரிந்துவிடும். ஓட்டுகிறவர்களைப் பற்றி மார்ஷல்கள் சொல்லும் நல்ல வார்த்தைக்கு அதனால்தான் நான் தனி மதிப்புக் கொடுப்பேன். அவர்கள் நியூமன்மேல் வைத்திருந்த பிரியம் நட்சத்திரத்தின்மேல் ரசிகர் வைக்கும் பிரியம் இல்லை.

அவர் இதற்குள் வந்தது ஒரு படத்தின் வழியாக. 1969இல் வெளிவந்த ‘வின்னிங்’கில் அவருக்கு இண்டியானபோலிஸ் பந்தய வீரர் வேடம். மனைவி ஜோன் உட்வர்டும் அதில் நடித்தார். படத்துக்காக நியூமனும் உடன் நடித்த ராபர்ட் வேக்னரும் பாப் பாண்டுரன்டிடம் பயிற்சிக்குப் போனார்கள். பாண்டுரன்ட் நல்ல வீரர். 1967இல் வாட்கின்ஸ் கிளென் டிராக்கில் பெரும் விபத்தில் சிக்கிப் பிழைத்து, அதன் பிறகு ஓட்டுநர் பள்ளி தொடங்கியிருந்தார். படம் முடிந்தது. நியூமனுக்கு அது முடியவில்லை.

இந்த இடத்தில் அவருடைய பழைய கதை கொஞ்சம் வேண்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர்ந்து விமானியாக ஆசைப்பட்டவர் அவர். நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்ததும் அந்தக் கதவு மூடிவிட்டது. டார்பிடோ விமானங்களில் வானொலி இயக்குபவராகவும் பின்னிருக்கைத் துப்பாக்கிக்காரராகவும்தான் பறந்தார். ஓட்டுகிற இருக்கை வேறொருவருக்குப் போயிற்று. விளையாட்டிலும் அவருக்குப் பெயர் சொல்ல ஒன்றும் அமையவில்லை. ஓடியாடுகிற எதிலும் தமக்கு நளினம் கைகூடியதில்லை, அது முதன்முதலில் கிடைத்தது காருக்குள்தான் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். திரையில் அவர் நடக்கிற நடையைப் பார்த்தவர்களுக்கு இதை நம்புவது கஷ்டம். ஆனால் ஒரு மனிதர் தம் உடம்பை உள்ளிருந்து எப்படி உணர்கிறார் என்பது வெளியே நிற்கும் நமக்கு எப்படித் தெரியும்?

1972இல் கனெக்டிகட்டின் தாம்சன் டிராக்கில், ஒரு லோட்டஸ் எலானில், அவருடைய முதல் பந்தயம். அதே மாநிலத்தில் பாப் ஷார்ப் என்றொருவர் டட்சன் கார் விற்பனை நிலையம் வைத்திருந்தார். தாமே பலமுறை தேசிய சாம்பியன். நியூமன் அவரிடம் போய்ச் சேர்ந்தார். டட்சன் 510இலிருந்து தொடங்கி, சிவப்பு வெள்ளை நீலம் பூசிய ஷார்ப் அணிக் கார்களில்தான் அவருடைய நல்ல காலம் கழிந்தது.

தொடக்கத்தில் அவர் வேகமாக ஓட்டவில்லை. கூட ஓட்டியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது இது. மெதுவாகத்தான் வந்தார். காரை நொறுக்காமல் கொண்டுவந்து சேர்ப்பார், மறுநாள் கொஞ்சம் கூட்டுவார். பதினெட்டு வயதில் இறங்குகிறவனுக்குப் பயம் தெரியாது. எல்லையைத் தாண்டிப் போய், சுவரில் மோதி, எல்லை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பான். நாற்பத்தேழில் வருகிறவருக்கு அந்த வழி கிடையாது. இந்தப் பக்கத்திலிருந்து அங்குலம் அங்குலமாகத்தான் எல்லையை நெருங்க முடியும். பந்தய ஓட்டத்தில் பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு இதுதான். ஒரு வளைவு என்றால், பிரேக்கை எங்கே மிதிப்பது, எவ்வளவு அழுத்துவது, அழுத்தத்தை எப்படிப் படிப்படியாக விடுவது, எந்த இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பி வளைவின் உள்விளிம்பைத் தொடுவது, ஆக்ஸிலரேட்டரை எப்போது திறப்பது என்று அத்தனையும் ஒவ்வொரு சுற்றிலும் அச்சு மாறாமல் வர வேண்டும். விடியற்காலையில் உட்கார்ந்து ஒரே வரிசையை மூன்று காலத்திலும் சாதகம் செய்கிற பாடகரைப் போல, அவர் சுற்றுச் சுற்றாக அதையே செய்தார். முரட்டுத்தனம் இல்லாத ஓட்டம். கியர் பெட்டியையும் டயரையும் வதைக்காத ஓட்டம். ஆக்டர்ஸ் ஸ்டுடியோ என்ற நடிப்புக்கூடத்தில் ஒத்திகையை வேதமாக எடுத்துக்கொண்டவர்களோடு வளர்ந்தவர் அவர். அந்தப் பழக்கம் இங்கே கைகொடுத்தது என்றே நினைக்கிறேன்.

நான்கு ஆண்டுகள் ஆயின. 1976இல், டிரையம்ஃப் டிஆர்6 காரில், டி புரொடக்‌ஷன் வகுப்பில் முதல் தேசியப் பட்டம். 51 வயது. 1979இல் டட்சன் 280 இசட்எக்ஸில் சி புரொடக்‌ஷன் வகுப்பில் இரண்டாவது. 1985இலும் 1986இலும் நிஸ்ஸான் 300 இசட்எக்ஸ் டர்போவில் ஜிடி1 வகுப்பில் மூன்றாவதும் நான்காவதும். இந்த வகுப்புகளின் வரிசையைக் கவனியுங்கள். டியைவிட சி வேகமான வகுப்பு. ஜிடி1 அவற்றைவிட மிகவும் வேகமானது. வயது ஏற ஏற மனிதர்கள் சின்ன வண்டிக்கு இறங்குவார்கள். இவர் ஏறிக்கொண்டே போனார்.

1979 ஜூனில் நடந்த லெ மான் பந்தயத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

பிரான்ஸில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயம் அது. சனிக்கிழமை தொடங்கி ஞாயிறு அதே நேரம் வரை ஓட வேண்டும். ஒரு சுற்று 13 கிலோமீட்டருக்கு மேல். அந்தக் காலத்தில் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே நேர்ச்சாலை அதில் இருந்தது. வேகத்தைக் குறைக்கிற குறுக்கு வளைவுகளெல்லாம் 1990இல்தான் வந்தன. நியூமன் ஓட்டியது போர்ஷே 935. டர்போ எஞ்சின். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒன்றும் நடக்காது. ஒரு கணம் கழித்து மொத்த சக்தியும் ஒன்றாக வந்து முதுகில் அறையும். அந்த நேர்ச்சாலையில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் கார் அது. காரின் சொந்தக்காரரான டிக் பார்பர் ஒருவர், ஜெர்மனியின் ரோல்ஃப் ஷ்டொம்மலென் ஒருவர், நியூமன் ஒருவர் என்று மூவரும் மாறி மாறி ஓட்டினார்கள். இரவில் மழையும் சேர்ந்துகொண்டது. முன்னால் போகும் கார் வாரி இறைக்கும் தண்ணீர்ப் புகைக்குள், இருட்டில், 54 வயதில், கார் பந்தயத்துக்கு வந்து ஏழே ஆண்டு ஆன ஒருவர் ஓட்டுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை முன்னணியில் இருந்த இன்னொரு போர்ஷே நடுவழியில் நின்றுவிட்டது. எரிபொருள் பம்பை ஓட்டும் பெல்ட் அறுந்துவிட்டது. அதை ஓட்டிய டான் விட்டிங்டன் தாமே இறங்கி, ஏதோ செய்து ஒப்பேற்றிக் காரைப் பழுதுபார்க்கும் பிட் பகுதிக்குக் கொண்டுவரப் பெரும்பாடு பட்டார். வெற்றி நியூமன் அணியின் பக்கம் திரும்புகிற நேரம். அப்போது அவர்கள் காருக்குச் சக்கரம் மாற்றப் போனால், சக்கர நட்டு ஒன்று இறுகிக்கொண்டு கழல மறுத்தது. மெக்கானிக்குகள் அதனோடு போராடிக்கொண்டிருக்கும்போதே நிமிடங்கள் கரைந்தன. கடைசியில் எஞ்சினும் முனக ஆரம்பித்தது. டான் விட்டிங்டனும் அவர் சகோதரரும் கிளவுஸ் லுட்விகும் ஓட்டிய அந்தக் காருக்கே முதலிடம். பார்பர், ஷ்டொம்மலென், நியூமன் இரண்டாமிடம். காரின் வேகத்துக்குப் பெரும்பங்கு ஷ்டொம்மலெனுடையது. தொழில்முறை வீரர் அவர்தான். ஆனால் அந்த மழை இரவில் தம் பங்கு நேரத்தைக் காரில் கீறல் விழாமல் முடித்து ஒப்படைத்தாரே, 24 மணி நேரப் பந்தயத்தில் கூட்டாளியிடம் எதிர்பார்ப்பது அதைத்தான்.

மறுபடி அவர் லெ மானில் ஓட்டவே இல்லை. புகைப்படக்காரர்கள் கூட்டம் அவரை மொய்த்துவிட்டது. காரை நோக்கி நடக்கக்கூட விடவில்லை. எந்த முகத்தை மறக்க அங்கே போனாரோ அதையே தேடி உலகம் வந்து நின்றால் என்ன செய்வது? அமெரிக்காவில் கிளப் பந்தயங்கள் நடக்கும் இடங்களில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே எல்லோரும் தங்கள் காரின் அடியில் படுத்துக் கிடப்பார்கள். நியூமன் பொதுவாக யாருக்கும் கையெழுத்துப் போடுவதில்லை. அந்த வழக்கம் டிராக்கிலும் தெரிந்த விஷயம், யாரும் கேட்கமாட்டார்கள். கார்புரேட்டரைப் பற்றிக் கேட்டால் பேசுவார். மூன்றாம் வளைவில் எந்த கியரில் போகிறாய் என்று அவரும் கேட்பார். அடுத்த கொட்டகையில் இருப்பவர் அன்று அவரைவிட அரை நொடி வேகமாக ஓட்டியிருந்தால், அன்றைக்கு அவர்தான் பெரிய மனிதர். இதை நியூமன் முழு மனதோடு ஏற்றுக்கொண்டார் என்பதுதான் அவர்கள் அவரைத் தங்களில் ஒருவராக வைத்துக்கொண்டதற்குக் காரணம்.

1986ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 61 வயது. ‘தி கலர் ஆஃப் மணி’ அந்த ஆண்டுதான் வெளியானது. அதற்காகத்தான் அடுத்த மார்ச்சில் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. அதே 1986இல் லைம் ராக் டிராக்கில் டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் ஜெயித்தார். டிரான்ஸ்-ஆம் என்பது தொழில்முறைப் பந்தயம். பரிசுப் பணத்துக்காகவே ஓட்டுகிறவர்கள் மோதும் களம். 1982இல் மின்னசோட்டாவின் பிரெய்னர்டில் ஏற்கெனவே ஒரு முறை அங்கே ஜெயித்திருந்தார். இரண்டாவது வெற்றி சொந்த ஊர் டிராக்கில். அந்த இலையுதிர் காலத்தில் தேசியப் பட்டமும் சேர்ந்துகொண்டது. ஆஸ்கர் விழாவுக்கு அவர் போகவில்லை. விருதை அவருக்காக இயக்குநர் ராபர்ட் வைஸ் வாங்கிக்கொண்டார். ரோட் அட்லான்டாவில் கோப்பையை அவரே கையில் வாங்கினார். அந்தப் படத்தில் உடன் நடித்த டாம் குரூஸையும் இந்தப் பக்கம் இழுத்துவந்து ஷார்ப் அணியின் காரில் உட்கார வைத்தார்.

லைம் ராக் பற்றி ஒரு வார்த்தை. 1957இல் திறந்த சின்ன டிராக், ஒன்றரை மைல். சுற்றிலும் மலைச்சரிவும் புல்வெளியும். அருகில் ஒரு தேவாலயம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பந்தயம் கூடாது என்று 1959இலேயே நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. இன்றைக்கும் ஞாயிறன்று பந்தயம் இல்லை. நியூமனின் வீட்டிலிருந்து காரில் போய்வரும் தூரம். அவருடைய நெருங்கிய நண்பரும் பழைய பந்தய வீரருமான சாம் போஸி அந்தப் பக்கத்துக்காரர்.

தொழில்முறைப் பந்தயத்தில் அவர் ஓர் அணிக்குச் சொந்தக்காரராகவும் இருந்தார். கார்ல் ஹாஸுடன் சேர்ந்து 1983இல் தொடங்கிய நியூமன்-ஹாஸ் அணி எட்டு சாம்பியன் பட்டங்கள் வென்றது. மரியோ ஆண்ட்ரெட்டி, அவர் மகன் மைக்கேல், நைஜல் மான்செல், செபஸ்தியன் போர்தே என்று பெரிய பெயர்கள் அதில் ஓட்டின. உலகத் தரமான வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஓட வைத்தவர், தமக்கு ஓட்ட வேண்டும் என்று தோன்றினால் கிளப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றார் என்பதைத் தவிர, அந்த அணியைப் பற்றி இன்று நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை.

அவருடைய குறும்பைச் சொல்லாமல் போனால் அவரைத் தெரிந்தவர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். ராபர்ட் ரெட்ஃபோர்ட் சொன்ன கதை இது. நியூமன் எப்போது பார்த்தாலும் கார் பந்தயத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாராம். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ரெட்ஃபோர்ட், நியூமனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு நொறுங்கிப்போன போர்ஷேயைப் பிடித்து, பரிசுக் காகிதம் சுற்றி, அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். நியூமனிடமிருந்து பேச்சு மூச்சில்லை. சில வாரம் கழித்து ரெட்ஃபோர்ட் தம் வீட்டுக்குள் நுழைந்தால், கூடத்தில் ஒரு பெரிய பெட்டி. உள்ளே அந்த போர்ஷே உருக்கிக் கட்டியாகிக் கிடக்கிறது. ரெட்ஃபோர்ட் விடவில்லை. அந்த இரும்புக் கட்டியை ஒரு சிற்பியிடம் கொடுத்துச் சிற்பமாக்கி நியூமனின் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். இதைப் பற்றி இருவரும் ஒருவரிடம் ஒருவர் கடைசிவரை வாய் திறக்கவில்லையாம். இன்னொன்றும் உண்டு. குடும்பத்தோடு காய்கறி வாங்கப் போகிற வால்வோ ஸ்டேஷன் வேகனுக்குள் பெரிய வி8 எஞ்சினைப் பொருத்தி ஓட்டினார். தொலைக்காட்சித் தொகுப்பாளர் டேவிட் லெட்டர்மேனுக்கும் அப்படியே ஒன்று செய்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். பாண்டிச்சேரிக்குப் போகிற சாலையில் அப்படி ஒரு வால்வோ நம்மை முந்தினால் நமக்கும் சிரிப்பு வந்துவிடும்.

இனி, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாக வேண்டும். மனைவியும் பிள்ளைகளும் உள்ள ஒருவர், இவ்வளவு ஆபத்தான விளையாட்டில் இத்தனை காலம் இருந்தது சரியா? லெ மானில் அவரோடு ஒரே காரை ஓட்டிய ஷ்டொம்மலென் நான்கே ஆண்டில், 1983இல், கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் டிராக்கில் இன்னொரு போர்ஷே 935இல் இறந்துபோனார். ஆபத்து நியூமனுக்கு அடுத்த இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தது. ஜோன் உட்வர்ட் இதை விரும்பவில்லை; தடுக்கவும் இல்லை. கணவருக்கு அவர் ஒரு ரோலக்ஸ் டேடோனா கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். அதன் பின்புறத்தில், பார்த்து ஓட்டும்படி மனைவி கேட்டுக்கொள்ளும் ஒரு சின்ன வாசகத்தைப் பொறிக்கச் சொல்லியிருந்தார். நியூமன் பல ஆண்டுகள் அதைக் கட்டியிருந்துவிட்டு, 1984இல் ஒரு நாள் மகளின் நண்பரிடம் மணி கேட்டார். அந்தப் பையனிடம் கடிகாரம் இல்லை. தம் கையில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அதே கடிகாரம் 2017இல் நியூயார்க்கில் ஏலம் போனது. ஒரு கோடியே எழுபத்தேழு லட்சம் டாலருக்கும் மேல்! விலையைக் கேட்டு வாய் பிளக்கிறோம். எனக்கு அந்த வாசகத்தைப் பொறிக்கச் சொன்ன பெண்மணியின் மனம்தான் பெரிதாகத் தெரிகிறது. எத்தனை சனிக்கிழமைகள் அவர் மணியைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்! பந்தயக்காரர்களின் வீட்டில் இருப்பவர்கள் கொடுக்கும் விலை எந்தப் புள்ளிப் பட்டியலிலும் ஏறுவதில்லை. நான் பந்தயத்தை நேசிக்கிறவன்தான். என்றாலும் இதைச் சொல்லாமல் நியூமனைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

துணிச்சல் என்ற சொல்லையும் அவருக்கு நான் பயன்படுத்தமாட்டேன். அவரிடம் இருந்தது நிதானம். மூத்த மகன் ஸ்காட் 1978 நவம்பரில், 28 வயதில், போதைப்பொருளால் இறந்தான். 1979இல்தான் லெ மானும் இரண்டாவது தேசியப் பட்டமும் வந்தன. மரணத்தை மறக்கத்தான் அவர் ஓட்டினார் என்று எழுதியவர்கள் உண்டு. ஒரு தகப்பனின் துக்கத்துக்கு இப்படிக் கணக்குச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஸ்காட்டின் பெயரில், போதைப் பழக்கத்தைத் தடுக்க ஓர் அமைப்பை அவர் ஏற்படுத்தினார் என்பது மட்டும் பதிவில் இருக்கிறது. 1982இல் தொடங்கிய நியூமன்ஸ் ஓன் என்ற உணவு நிறுவனம், வரி போக மிஞ்சும் லாபம் அத்தனையையும் அறப்பணிக்கே கொடுத்துவிட்டது. 1988இல் கனெக்டிகட்டின் ஆஷ்ஃபோர்டில், கடும் நோயோடு போராடும் குழந்தைகளுக்காக ஒரு கோடை முகாம் திறந்தார். ‘புட்ச் காசிடி’ படத்தில் வரும் திருடர் கூட்டத்தின் பெயரை அதற்கு வைத்தார். மருத்துவமனைக் கட்டிலே உலகமாகிப்போன பிள்ளைகள் அங்கே வந்து மீன் பிடிக்கவும் சத்தம் போடவும் வேண்டும் என்று ஆசைப்பட்டார். பந்தயம் பணக்காரர் விளையாட்டுதானே, அந்தக் காசை நல்லதுக்குச் செலவிடலாமே என்று கேட்பவர்களுக்கு, இவர் விஷயத்தில் என்னிடம் பதில் இருக்கிறது.

எழுபது வயது ஆனதும் நிறுத்துவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். பிறந்தநாள் ஜனவரி 26. 1995இல் அது கழிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, ஃபுளோரிடாவின் டேடோனாவில் 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபோர்டு மஸ்டாங்கில் இருந்தார். டாமி கெண்டல், மார்க் மார்ட்டின், மைக் பிராக்மேன் ஆகியோர் உடன் ஓட்டினார்கள். குளிர்கால இரவு, பந்தயத்தில் பாதிக்கு மேல் இருட்டு. டேடோனாவின் சாய்ந்த வளைவுகள் 31 பாகை சரிவு கொண்டவை. நடந்து ஏறவே மூச்சு வாங்கும். தம் வகுப்பில் முதலிடம், மொத்தத்தில் மூன்றாமிடம். பெரிய பந்தயம் ஒன்றில் வென்ற அணியில் இருந்த மிக மூத்த வீரர் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். பத்தாண்டு கழித்து, எண்பது வயதில், மறுபடி அதே டேடோனாவுக்கு வந்தார். கிளப் பந்தயங்களில் அவருடைய கொர்வெட் காரின் எண் அவருடைய வயதாக இருந்தது. ஆண்டு பிறந்தால் எண் மாறும். 81, 82 என்று அந்த எண்ணோடு ஒரு கார் பின்னால் வந்து நீலக் கொடி காட்டப்படும்போது, முன்னால் போகிற முப்பது வயதுக்காரருக்கு எப்படி இருந்திருக்கும்! வழிவிட்டுவிட்டு, மாலையில் கொட்டகைக்குப் போய்க் கைகுலுக்கிவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர். தோற்றதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

நோய் முற்றிய பிறகு, 2008 ஆகஸ்டில், லைம் ராக்கில் ஒரு நாள் அவருக்காக டிராக்கை ஒதுக்கிக் கொடுத்தார்கள். கொர்வெட்டில் ஏறிச் சில சுற்றுகள் ஓட்டினார். ஆறு வாரத்தில் போய்ச் சேர்ந்தார்.

இப்போது ‘வின்னிங்’ படம் தொடங்கும். கதை ஓரிடத்தில் தொய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள். இண்டியானபோலிஸ் பந்தயம் புறப்பட்டதும் கார்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதிச் சிதறுகிற காட்சி செட் போட்டு எடுத்ததில்லை. 1966 பந்தயத்தில் உண்மையாகவே நடந்த விபத்தின் படச்சுருள் அது. நியூமன் ஓட்டுகிற காட்சிகள் வரும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், கைகளைப் பாருங்கள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பார், தேவைக்கு அதிகமாகத் திருப்புவார். அப்போதுதான் கற்றுக்கொண்டவரின் கைகள் அவை. இதற்கு அடுத்த வாரம் திரையிடப்போகும் ஆவணப்படத்தில் அவருடைய பிற்காலப் பந்தயங்களின் காட்சிகள் இருக்கின்றன. இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள், அந்தக் கைகளைப் பற்றிப் பேசுவோம்.